ரேடியோ கண்ணாடிக்குப் பின்னால்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வீட்டில் நாலு வகைச் சாதம். நான் தட்டில் எலுமிச்சைச் சாதத்தைப் போட்டுக்கொண்டு நேராக வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் வண்டிக்கு ஓய்வு. எனக்கு இதுதான் சீசன்.

எங்கள் வண்டி 1972 அம்பாசிடர், மார்க் டூ. பாலாடை நிறம். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடுகிற சத்தம் வரும். அந்தச் சத்தத்தை மட்டும் பதிவு செய்து என் போனுக்கு ரிங்டோனாக வைத்திருக்கிறேன். கல்லூரியில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அப்பா இதைக் கல்யாணத்துக்கு மட்டும்தான் ஓட்டுகிறார். பொண்ணை வீட்டிலிருந்து ஏற்றி மண்டபத்தில் இறக்குவது. சிங்காநல்லூர் வட்டாரத்தில் பழைய வண்டியில் வந்து இறங்குவது இப்போது பெரிய மோகம். அந்த மோகத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது, என் பி.காம். ஓடுகிறது.

பிரச்சினை என்னவென்றால், ஜூனில் அப்பா ஒரு மண்டபத்தைத் தேடிச் சுற்றிவிட்டுத் தாமதமாகப் போனார். அதற்கு முன்னாலும் ஒரு தடவை. புக்கிங் கொடுக்கும் திருமூர்த்தி அண்ணன் அன்றைக்கே போனில் சொல்லிவிட்டார். ஸ்பீக்கரில் நாங்கள் மூன்று பேரும் கேட்டோம்.

“நாச்சிமுத்தண்ணா, நான் லொக்கேசன் அனுப்பறனுங்க, நீங்க அதத் தொறந்துகூடப் பாக்கறதில்லீங்க. முன்ன மாதிரி டவுனுக்குள்ள நாலு மண்டபம்னா பரவால்ல. இப்ப பூராம் பைபாஸ் மேல கட்டிப் போட்டிருக்கானுக. இன்னொருக்கா லேட்டாச்சுன்னா வேற வண்டி பாத்துக்குவனுங்க. கோவிச்சுக்காதீங்க.”

“செரிங்க தம்பி,” என்றார் அப்பா.

“போன்ல மேப்பப் போட்டுட்டுப் போனா என்னங்ப்பா?” என்று இன்றைக்கும் கேட்டேன்.

“அந்தக் கெரகமெல்லாம் நமக்கெதுக்கு அம்மணி? ஆளக் கேட்டாப் போச்சு.”

பழைய ஆள். மாற மாட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாளே பஸ் ஏறிப் போய் பொண்ணு வீட்டைப் பார்த்துவிட்டு வருவார். மண்டபம் பஸ் போகாத இடத்தில் இருந்தால்தான் சிக்கல். போன் ஸ்டாண்டும் வைக்க முடியாது. டேஷ்போர்டில் புதுச் சாமான் எதுவும் போட்டோவில் விழக் கூடாது என்பது திருமூர்த்தி அண்ணனின் இன்னொரு சட்டம்.

ஆகவே வண்டிக்குள் வழிகாட்டி வைக்க வேண்டும். வைத்தது யார் கண்ணிலும் படக் கூடாது. இதை நினைத்ததிலிருந்து எனக்குக் கை பரபரவென்று இருக்கிறது. ஆவணி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இணையத்தில் இருக்கும் பழைய வண்டிக்காரர்கள் குழுவில் கேட்டேன். கேள்வியைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் ஆலோசனை கொட்டியது. பாதிப் பேர், “அம்பாசிடருக்குள் ஜிபிஎஸ்ஸா, பாவம் பிடிக்கும்” என்றார்கள். மலேசியாவிலிருந்து ஈப்போ கணேசன் என்கிற பெயரில் எழுதுகிறவர் மட்டும் உருப்படியாகப் பேசினார். அவரை நான் பார்த்ததில்லை. வயரிங்கில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது, மீதி வீடியோக்கள்.

பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியிலேயே திரை வருகிற மாடல் ஒன்று உண்டு. பளபளவென்று இருக்கிறது, ஐம்பது வருட வண்டியில் காட்டிக் கொடுத்துவிடும். கிளவ் பாக்ஸுக்குள் வைத்தால் அப்பா குனிந்து பார்க்க வேண்டும், குனிந்தால் வண்டி எங்கே போகும்? பிறகு கணேசன் கேட்டார்: “உங்கள் வண்டியில் செத்துப்போன ரேடியோ இருக்குமே?”

இருக்கிறது! நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனது. உள்ளே குடலை எடுத்துவிட்டால் அகலமான இடம். முன்னால் எண்கள் அச்சடித்த கண்ணாடி. அதற்குப் பின்னால் ஐந்து இன்ச் திரை. அணைந்திருந்தால் ரேடியோ, எரிந்தால் வழி.

அம்மா சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தினமும் இதுதான். விபத்து, தங்கம், வானிலை. இரண்டு பேரையும் கூப்பிட்டுப் படம் வரைந்து காட்டினேன்.

“ரேடியோ பாடாதா?” என்றார் அப்பா.

“அது இப்பவும் பாடறதில்லீங்ப்பா.”

“அதுஞ் செரிதான்.”

ஆகஸ்ட் 9, சனி

உக்கடம் பழைய சாமான் சந்தை. உடைத்துப் போட்ட கால் டாக்சியிலிருந்து கழற்றிய ஐந்து இன்ச் பெட்டி கிடைத்தது. ஆண்ட்ராய்டில் ஓடுகிறது, இணையம் இல்லாமலேயே வரைபடம் காட்டுகிறது, ஏரியல் தனியாக வயரில் வருகிறது. கடைக்காரர் சார்ஜ் போட்டுக் காட்டினார். அதில் பழைய டிரைவர் போன இடங்களெல்லாம் இன்னும் இருந்தன. ஏர்போர்ட், ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, ஏர்போர்ட்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புகை.

எங்கள் வண்டியில் பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்கு எர்த். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் அப்படித்தான். இப்போது வருகிற எல்லா வண்டிக்கும் மைனஸ். எனக்கு இது தெரியும், குழுவில் பத்துப் பேருக்கு நானே விளக்கம் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அவசரத்தில் பெட்டியின் கருப்பு வயரை, அதாவது மைனஸை, பாடியில் வைத்தேன்.

போனது மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் சின்னப் பலகை மட்டும். பெட்டி பிழைத்தது. அப்பா ஓடி வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“உனக்கு ஒன்னும் ஆகலியே?”

“இல்லீங்ப்பா.”

“அப்பச் செரி. வண்டி தாங்கும்.”

ஆகஸ்ட் 13, புதன்

முடிந்தது!

டேஷ்போர்டு முழுக்கத் தகரம், உள்ளே வைத்தால் ஏரியலுக்கு வானம் தெரியாது. அதனால் முன் கண்ணாடியின் ரப்பருக்கு அடியில் ஏரியலைப் படுக்க வைத்தேன். திரையை டிரைவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, அதன் மேல் கருப்புத் தாள் ஒட்டினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்க்காமல் இருக்கப் போனில் ஒட்டுவார்களே, அது. நேராக இருக்கும் டிரைவருக்கு மட்டும் தெரியும், முன் சீட்டில் இருப்பவருக்கு வெறும் ரேடியோ.

ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் திரையை எப்படித் தொடுவது? இங்கேதான் நான் என்னையே தட்டிக் கொடுத்துக்கொண்டேன். ரேடியோவின் பழைய திருகுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் வைத்துவிட்டேன். திருகினால் திரையில் பட்டியல் மேலும் கீழும் நகரும். அமுக்கினால் அந்த இடத்துக்கு வழி காட்டும். அம்பாசிடரின் சொந்தத் திருகு!

குரலை அணைத்துவிட்டேன். பொண்ணு வீட்டார் நடுவில் ஒரு பெண்குரல் “வலது பக்கம் திரும்பவும்” என்றால் குட்டு உடைந்துவிடும். அம்புக்குறி போதும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. அப்பாவுக்குப் பயிற்சி. வீடு, பெட்ரோல் பங்க், பேரூர் கோயில், பெரியம்மா வீடு என்று பட்டியலில் சில இடங்கள் போட்டு வைத்திருந்தேன். “பேரூர் போங்ப்பா” என்றேன். திருகைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார். திருகினார், நிறுத்தினார், என்னைப் பார்த்தார்.

“கண்ணுக்குத் தெரியலீங்களா?”

“எழுத்து பொடிசா இருக்குது.”

எழுத்தைப் பெரிதாக்கினேன். அப்புறமும் அதே பார்வை. வெள்ளெழுத்து. மாலையில் கடைவீதிக்குக் கூட்டிப் போய் வாசிப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். போட்டதும் வாத்தியார் மாதிரி இருந்தார். அம்மா சிரிக்கவில்லை.

“இத்தன எடம் வேண்டாம் அம்மணி. ஒன்னே ஒன்னு வெய்யி. நான் அமுக்கறேன், அது கூட்டிட்டுப் போவட்டும்.”

வாடிக்கையாளர் சொன்னால் செய்ய வேண்டியதுதான். ஒன்றை மட்டும் வைத்தேன். அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு பேரூர் வரை அழகாகப் போனார். எத்தனை மீட்டரில் திருப்பம் என்ற எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். எண்களில் அவருக்கு எப்போதும் தடுமாற்றம் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆவணியின் முதல் கல்யாணம். நீலாம்பூர்ப் பக்கம், பைபாஸ் மேல் புது மண்டபம். முந்தின நாளே பேரூரை எடுத்துவிட்டு, பட்டியலில் அதை மட்டும் போட்டுவிட்டேன். அப்பாவின் சட்டைப்பை போனிலிருந்து அவர் இருக்கும் இடம் என் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும்படி வைத்திருக்கிறேன். புள்ளி ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. நேரத்துக்கு முன்பே மண்டபம்.

திருமூர்த்தி அண்ணன் போன்: “என்ன மாயம்ங்க இது? உங்கொப்பா எனக்கு முன்னால வந்து நிக்கறாரு!”

“பழகிட்டாருங்ணா.”

சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. நாளைக்கு இரண்டாவது கல்யாணம், வெள்ளலூரில் பொண்ணு வீடு, முகூர்த்தம் காலை ஏழரையிலிருந்து ஒன்பது. மண்டபத்தின் லொக்கேஷன் மட்டும் வந்தது, கூடவே “பைபாஸ் மேலதாண்ணா” என்று ஒரு குரல் செய்தி. வரைபடத்தில் அது ஈச்சனாரிப் பக்கம். பட்டியலில் போட்டேன்.

இப்போது பட்டியலில் இரண்டு மண்டபங்கள். போன வாரத்ததை நான் அழிக்கவில்லை. போன இடங்களின் வரலாற்றை அழிப்பது எனக்குப் பிடிக்காது.

“எத்தனாவது?” என்றார் அப்பா.

“மேல இருக்கறதுங்ப்பா. மொதல்ல.”

“மொதல்ல,” என்று சொல்லிக்கொண்டு போய்ப் படுத்தார்.

அவர் படுத்த பிறகு குழுவுக்காக ஒரு வீடியோ எடுத்தேன். பழைய ரேடியோ. விரல் திருகைத் திருகுகிறது. கண்ணாடிக்குள் வெளிச்சம் வருகிறது. போன வார மண்டபத்தை அமுக்கிக் காட்டினேன், வழி விரிகிறது. ஈப்போ கணேசன் மூன்று நெருப்பு எமோஜி போட்டார். விருப்பங்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன, போனைக் கீழே வைக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளலூரிலிருந்து பொண்ணை ஏற்றிக்கொண்டு அப்பா கிளம்பினார். நான் வீட்டில் இட்லி தின்றுகொண்டு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைபாஸில் ஏறியதும் புள்ளி ஈச்சனாரிப் பக்கம் போக வேண்டும். நீலாம்பூர்ப் பக்கம் திரும்பியது.

சிக்னல் கோளாறு என்று நினைத்தேன். புள்ளி தொடர்ந்து போனது. அப்போதுதான் தோன்றியது. கடைசியாக அமுக்கின இடத்தை அந்தப் பெட்டி தானாகவே பட்டியலின் மேலே தூக்கி வைக்கும். இரவு நான் அமுக்கினேன். இப்போது மேலே இருப்பது போன வார மண்டபம்.

ஆனால் பெயர் தெளிவாக எழுதியிருக்கிறது. பெரிய எழுத்தில். கண்ணாடி வேறு போட்டிருக்கிறார். பார்த்துவிட்டு அமுக்கக் கூடாதா?

அப்பாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டார். திரும்பச் செய்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். போனை வாங்கி, புள்ளி போவதைப் பார்த்தாள்.

“பேரு எழுதியிருக்குதும்மா, ஏன் இப்படிப் போறாரு?”

அம்மா போனைத் திருப்பி என் கையில் வைத்தாள். “திருமூர்த்திக்குப் போடு,” என்றாள்.

“போட்டா அப்பாவுக்குப் புக்கிங் போயிரும்.”

“போவட்டும். பொண்ணு ஏறி உக்காந்திருக்குது வண்டியில. போடு.”

போட்டேன். திருமூர்த்தி அண்ணன் முதலில் நம்பவில்லை. பிறகு பொண்ணின் அண்ணனுக்குப் பேசினார். முன் சீட்டில் உட்கார்ந்து தங்கையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அவர் அப்போதுதான் வெளியே பார்த்திருக்கிறார். பைபாஸில் நடுச்சுவர். திரும்பும் இடம் வரும்வரை புள்ளி தப்பான பக்கமே போய்க்கொண்டிருந்தது. நானும் அம்மாவும் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். திரும்பியது. அம்பாசிடரால் முடிந்த வேகத்தில் வந்தது.

முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறிவிட்டது. கடைசி நிமிஷத்தில்.

மாப்பிள்ளை வீட்டார் கத்தியதில் யாரோ “டிரைவர் குடிச்சிருக்கான்” என்றார்களாம். கல்யாண வண்டி டிரைவர் வழி தப்பினால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? திருமூர்த்தி அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்: “குடிச்சிருந்தீங்களாண்ணா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்க, தப்பு நடந்து போச்சு,” என்றாராம்.

இதைத் திருமூர்த்தி அண்ணனே போனில் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அப்பா குடித்து நான் பார்த்ததே இல்லை. தீபாவளிக்கு மாமா ஊற்றிக் கொடுத்தபோதுகூட எழுந்து போனவர்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

குடிக்காத அப்பா ஏன் அப்படி ஒப்புக்கொண்டார் என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

“அவருக்குப் படிக்கத் தெரியாது அம்மணி.”

“எது?”

“எழுத்து. பேரு எழுதுவாரு, அதும் கல்யாணத்துக்கப்புறம் நாஞ்சொல்லிக் குடுத்தது. நம்பரெல்லாம் நல்லாத் தெரியும். எழுத்து சேராது. நானும் எத்தனயோ சொல்லிப் பாத்துட்டேன், உக்காருவாரு, வேர்த்துப் போயி எந்திரிச்சிருவாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ மூணாவது படிக்கறப்ப ஒரு நாளு பாடம் படிச்சுக் காட்டுன. அவரு சும்மா ஒரு எடத்தத் தொட்டு, இங்க தப்புன்னாரு. நீ மறுக்காப் படிச்சு, ஆமாங்ப்பான்னு சொல்லித் திருத்திக்கிட்ட. அன்னைக்கு முடிவு பண்ணிட்டாரு, உனக்குத் தெரியவே வேண்டாம்னு.”

மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தேன். மடித்தேன். வீடியோவை அழித்தேன். லைசென்ஸ் எப்படி வாங்கினார் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

வண்டியில் உட்கார்ந்திருந்தார். நான் போய் முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

“பொட்டி மேல தப்பில்ல,” என்றார்.

“தெரியுங்ப்பா. நாந்தான் அமுக்கி மாத்திட்டேன்.”

“அம்மா சொல்லிட்டாளாக்கும்?”

“ம்.”

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“நான் திருமூர்த்தியண்ணங்கிட்டப் பேசறேன். குடிக்கவே இல்லைன்னு சொல்றேன். எல்லாம் என் தப்புன்னு சொல்றேன்.”

“அப்பறம் அவன் கேப்பான், பேரு எழுதியிருந்துச்சே, உங்கொப்பன் படிக்கலியான்னு. என்ன சொல்லுவ?”

நான் ரேடியோத் திருகைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

“குடிச்சேன்னே இருக்கட்டும் அம்மணி. குடிச்சவன் திருந்துவான்னு எல்லாருக்கும் தெரியும், ஒரு மாசம் பேசுவாங்க, விட்ருவாங்க. இது அப்படியில்ல. எழுத்துத் தெரியாத டிரைவர்னு ஒருக்காச் சொல்லிப்போட்டா, அவன் வண்டியில எவன் தம்பொண்ணக் கொண்டாந்து உக்கார வெப்பான்?”

“பொய்தானுங்ப்பா அது.”

“ரெண்டுல எது கம்மியா வலிக்குதோ அத எடுத்துக்கறேன். உடு.”

செப்டம்பர் 1, திங்கள்

கல்லூரி. கணக்கியல். ஒன்றும் எழுதுவதற்கில்லை.

செப்டம்பர் 3, புதன்

திருமூர்த்தி அண்ணன் ஒரு வழி சொன்னார். மலுமிச்சம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு முனியப்பன் கோயில் இருக்கிறதாம். குடியை விடுகிறவர்கள் அங்கே சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டினவன் தொட்டால் முனியப்பன் சும்மா விடமாட்டார் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் பயம். “கயிறு கட்டிட்டு வாங்கண்ணா, நான் மேக்கொண்டு புக்கிங் தர்றேன். உங்களை மாதிரி வண்டிய வெச்சிருக்கறவங்க எனக்கும் கெடைக்க மாட்டாங்க.”

அவரே கூட வந்தார். நாங்கள் மூவரும் போனோம். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கை நடுங்கும் ஆட்கள், பக்கத்தில் அழுத முகத்துடன் மனைவிமார். அப்பா சலவைச் சட்டையோடு நடுவில் நின்றார்.

பூசாரி கேட்டார்: “எத்தன வருசமா?”

அப்பா யோசித்தார். “கொஞ்ச நாளாத்தானுங்க.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. தெனமுமா?”

“இல்லீங்க.”

“பொய் சொல்லாத. முனியப்பன் பாத்துட்டிருக்கறாரு. என்ன குடிப்ப?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவருக்கு எந்தப் பெயரும் தெரியவில்லை.

“கெடைக்கறதுங்க சாமி,” என்றாள் அம்மா.

பூசாரி அம்மாவைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். “நீ ரொம்பக் கஷ்டப்பட்டிருப்ப தாயி.”

“ஆமாங்க சாமி.”

“இனிமேத் தொட மாட்டேன்னு சூடத்துல அடிச்சுச் சொல்லு.”

“இனிமேத் தொட மாட்டனுங்க,” என்று அப்பா எரியும் சூடத்தின் மேல் கையை அடித்தார். கருப்புக் கயிறு கட்டினார்கள். சத்தியத்தில் பொய் ஏதும் இல்லை.

வெளியே வந்து திருமூர்த்தி அண்ணன் அப்பாவைக் கட்டிப்பிடித்தார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அம்மா காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள்.

“குடிகாரன் பொண்டாட்டின்னு பேரு வாங்கிக் குடுத்துட்டீங்க.”

“மன்னிச்சுக்க கலாமணி.”

“சோறு போடறேன், வாங்க.”

செப்டம்பர் 6, சனி

ரேடியோவைத் திரும்பக் கழற்றினேன். பட்டியலைத் தூக்கிவிட்டேன். முழுத் திரைக்கும் ஒரே படம், அதற்குரிய ஒரே இடம். திருகினால் அடுத்த படம். வரிசை தானாக மாறாது. அதற்கான நிரலை நானே எழுதினேன், முதல் தடவை ஓடவில்லை, ஒன்பதாவது தடவை ஓடியது.

அடுத்த கல்யாண மண்டபத்தைப் படம் எடுக்க ஸ்கூட்டரில் அப்பாவைக் கூட்டிப் போனேன். வாசல் வளைவைப் படம் எடுத்தேன்.

“இது வேண்டாம். எல்லா மண்டபமும் இப்படித்தான் இருக்கும். அந்தப் பச்சைக் கேட்டப் புடி.”

பச்சைக் கேட்டைப் பிடித்தேன்.

குரலும் வேண்டும் என்றார். அம்புக்குறியைப் பார்க்கும்போது ரோட்டிலிருந்து கண் போய்விடுகிறதாம். டிரைவர் பக்கத் தூணுக்குள், அவர் காதுக்கு நேராக, குட்டி ஸ்பீக்கர் வைத்தேன். பின்சீட்டுக்குக் கேட்காது. பெட்டியில் இருந்த பெண் “வட்டச்சாலையில் இரண்டாவது வெளியேற்றத்தில் செல்லவும்” என்றாள். அப்பா பாதி வழியில் நிறுத்திவிட்டு, “இவ என்ன சொல்றா?” என்றார். அதனால் நானே பேசிப் பதிவு செய்தேன். ‘பாலத்து மேல ஏறாதீங்ப்பா, கீழயே போங்க.’ ‘இன்னுங் கொஞ்சம். இப்பத் திரும்புங்க.’ போர்வைக்குள் உட்கார்ந்து பதிவு செய்தால் எதிரொலி வராது, இது வீடியோவில் கற்றது.

எழுத்து கற்றுக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் கண்ணு.”

திரும்பக் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆறுச்சாமி மாமா வந்திருந்தார். முன்பு அப்பாவோடு ஸ்டாண்டில் டாக்சி போட்டவர். அவர் குடிப்பது நிஜம், ஊருக்கே தெரியும். வாசலில் நின்றுகொண்டு அப்பாவின் மணிக்கட்டையே பார்த்தார்.

“நாச்சி, நெசமாவே உட்டுட்டியா? கை நடுங்கலியா?”

“இல்ல.”

“தூக்கம்?”

“வருது.”

“எப்படிறா?”

அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பா கயிற்றைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு, “என்னயப் பாக்காத ஆறுச்சாமி. நான் அந்தளவு ஆளில்ல. நீ கட்டறதா இருந்தா நான் கூட வர்றேன், பக்கத்துல நிக்கறேன்,” என்றார்.

நாளை மறுநாள் இருவரும் போகிறார்கள். அப்பா தன் காசில் எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கல்யாணம். பொண்ணு வீடு ஒண்டிப்புதூர். புது ஏற்பாட்டின் முதல் ஓட்டம், அதனால் நானும் போனேன். பூக்காரரோடு வந்த பிள்ளை மாதிரி ஓரமாக நின்றேன்.

வண்டி ஜோராக இருந்தது. பாலாடை நிறத்தின் மேல் சாமந்திச் சரம். ரேடியோ, ரேடியோவாகவே இருந்தது. பொண்ணு வெளியே வந்ததும் திருமூர்த்தி அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். அப்பாவின் முகத்துக்கு நேராகப் போய் நின்றார்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணா. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணுமுங்க. ஊதுங்க.”

எல்லாரும் பார்த்தார்கள். பட்டுப்பாவாடைக் குழந்தை ஒன்று சிரித்தது. நாதஸ்வரக்காரர்கூட வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

அப்பா ஊதினார்.

“இன்னொருக்கா.”

ஊதினார்.

“சுத்தம்,” என்றார் திருமூர்த்தி அண்ணன், கூட்டத்தைப் பார்த்து.

அப்பா பின்கதவைத் திறந்து, பொண்ணின் சேலைத் தலைப்பு மாட்டாமல் பார்த்துச் சாத்தினார். சுற்றிப் போய் உட்கார்ந்தார். கை ரேடியோத் திருகுக்குப் போனது. ஒரு திருப்பு, நிறுத்தம், ஒரு அமுக்கல். உள்ளே என் குரல் என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தலையை லேசாக ஆட்டிவிட்டுக் கிளம்பினார்.

போனைப் பார்த்தேன். புள்ளி தெருமுனையில் திரும்பியது, பாலத்துக்கு முன்னால் கீழ்ச்சாலையில் இறங்கியது, பைபாஸைப் பிடித்தது. சரியான பக்கம்.

பொண்ணின் பெரியப்பா போலிருக்கிறது, பக்கத்தில் நின்றவர் வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இந்த டிரைவர் பெரிய குடிகாரராமா. முனியப்பன் கயிறு கட்டி உட்டுட்டாராம். திருந்துன ஆளுதான் அம்மணி நெதானமா ஓட்டுவாங்க.”

“ஆமாங்க,” என்றேன்.